ஊரடங்கில் போன பயிற்சி வருடங்கள்: பிள்ளைகளிடம் உண்மையில் குறைந்தது என்ன?

குளத்தங்கரை_அப்பா

என் மகள் நீச்சல் வீராங்கனை. 2020 மார்ச்சில் நீச்சல்குளங்களை மூடியபோது அவளுக்கு 11 வயது. மூடல், திறப்பு, மறுபடி மூடல் என்று அடுத்த ஒன்றரை வருடமும் பயிற்சி துண்டு துண்டாகத்தான் நடந்தது. அது எல்லோருக்கும் தெரிந்த கதை. என் கேள்வி அதற்குப் பிந்தியது.

குளம் திறந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அவளும் ஒழுங்காகப் போகிறாள். ஆனாலும் அவளுக்கும் அவள் வயதுப் பிள்ளைகள் பலருக்கும் டைமிங் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. கேட்டால், "இது கோவிட் பேட்ச் சார், அப்படித்தான் இருக்கும்" என்கிறார் கோச். இவர்களைவிட இரண்டு வயது சின்னவர்கள் சர்வசாதாரணமாக முந்திப் போகிறார்கள். அவர்களும்தானே வீட்டில் அடைந்து கிடந்தார்கள்?

அந்தக் காலத்தில் உண்மையில் என்ன போனது? தம்மா, நுணுக்கமா, மனசா? மற்ற விளையாட்டுகளில் இருப்பவர்கள் என்ன பார்த்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும். "எல்லாம் சரியாகிவிடும்" என்ற ஆறுதல் மட்டும் வேண்டாம்.

தடகள_விசில்

சார், தம் போனதை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பயிற்சியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே தம் இறங்க ஆரம்பிக்கும், உண்மைதான். ஆனால் திரும்ப ஆரம்பித்தால் சில மாதங்களில் ஏறிவிடும். ஒருமுறை உடம்பில் பதிந்த அசைவும் அவ்வளவு எளிதில் மறக்காது. இந்த இரண்டுக்கும் இத்தனை வருடம் ஆகாது.

வளர்ச்சியைப் பாருங்கள். பெண் பிள்ளைகள் ஏறத்தாழ 12 வயதிலும், ஆண் பிள்ளைகள் 14 வாக்கிலும் மிக வேகமாக உயர்வார்கள். அந்த உச்சத்தில் ஒரே வருடத்தில் 8, 9 சென்டிமீட்டர் கூடுவது சாதாரணம். கைகால் நீளம் மாறினால் பழைய ஸ்ட்ரோக் (நீந்தும் அசைவு), பழைய ஓட்டம், பழைய எறிதல் எதுவும் அப்படியே பொருந்தாது. தினமும் பயிற்சிக்கு வரும் பிள்ளையிடம் இது நமக்குத் தெரிவதே இல்லை. உடல் நீள நீள அசைவும் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொள்ளும். நடுவில் சில மாதம் தடுமாறும், அப்புறம் பிடித்துக்கொள்ளும்.

உங்கள் மகள் அந்த வளர்ச்சியின் பெரும்பகுதியை வீட்டுக்குள் முடித்துவிட்டு, வேறோர் உடலோடு குளத்துக்குத் திரும்பியிருக்கிறாள். 11 வயது உடலுக்குக் கற்ற ஸ்ட்ரோக்கை வைத்துக்கொண்டு வேகத்தை ஏற்றச் சொல்லியிருப்பார்கள். இரண்டு வயது சின்னவர்களுக்கோ அந்த வளர்ச்சி குளம் திறந்த பிறகு, பயிற்சியோடு சேர்ந்து வந்தது. வித்தியாசம் அங்கேதான் என்பது என் ஊகம். என் ஓட்டப் பிள்ளைகளிடமும் இதையே பார்த்தேன். நீளம் தாண்டும் பையன்களில் திரும்பி வந்தவர்கள் யாருக்கும் ரன்-அப் அளவு சரியாக விழவில்லை. பழைய அடையாளத்திலிருந்து ஓடினால் பலகையை மிதித்துத் தாண்டிவிடுவார்கள். முதல் மாதம் டேப்பும் கையுமாகவே நின்றேன்.

இடது_விங்கர்

விசில் சார் சொல்வதோடு ஒன்று சேர்க்க வேண்டும்: வயதுப் பிரிவு.

2020 மார்ச் 24-ல் டோக்கியோ ஒலிம்பிக்கை ஒரு வருடம் தள்ளினார்கள். ஆண்கள் கால்பந்துக்கு 23 வயது வரம்பு உண்டு. தள்ளிப்போனதால் யாரும் வாய்ப்பை இழக்கக் கூடாது என்று 1997 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் என்ற பழைய வரம்பையே வைத்துக்கொண்டார்கள். ஆக, 24 வயதுக்காரர்களும் ஆடினார்கள். நியாயமான முடிவு. ஆனால் பிள்ளைகளுக்கு என்ன செய்தார்கள்? 2021-ல் நடக்கவிருந்த 17 வயதுக்குட்பட்டோர், 20 வயதுக்குட்பட்டோர் ஆண்கள் உலகக் கோப்பைகள் இரண்டையும் ஃபிஃபா ரத்தே செய்துவிட்டது. அடுத்து 2023-ல் நடந்தபோது அவை வேறு பிள்ளைகளுக்கான போட்டிகள். நடுவில் ஒரு தலைமுறைக்கு அந்த மேடை கிடைக்கவே இல்லை.

கீழ்மட்டத்திலும் இதே கதைதான். பல விளையாட்டுகளில் இரண்டு வருடத்துக்கு ஒரு பிரிவு. முதல் வருடம் அடிவாங்கிக் கற்க, இரண்டாம் வருடம் ஜெயிக்க. 12 வயதுப் பிரிவில் உள்ளே போன பிள்ளை, போட்டியே ஆடாமல் 14 வயதுப் பிரிவில் வெளியே வந்தது. தேர்வாளர் பார்க்கிற வருடமும் அதுதான்.

பூனைநடை

//நடுவில் ஒரு தலைமுறைக்கு அந்த மேடை கிடைக்கவே இல்லை//

எதிர்த்திசையிலும் நடந்தது, அதையும் சொல்லிவிடுவோம். ஒலிம்பிக் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் ஆட, போட்டி நடக்கும் ஆண்டுக்குள் 16 வயது நிறைய வேண்டும். 2020-ல் நடந்திருந்தால் 2005-ல் பிறந்தவர்கள் வந்திருக்கவே முடியாது. 2021-க்குத் தள்ளியதும் அவர்களுக்கும் அனுமதி கிடைத்தது. ரஷ்யாவின் லிஸ்துனோவா 2005 மே மாதம் பிறந்தவர், டோக்கியோவில் அணித் தங்கம் வாங்கிய நால்வரில் ஒருவர். ஸ்கேட்போர்டிங்கில் ஜப்பானின் மோமிஜி நிஷியா தங்கம் வாங்கும்போது 13 வயது. முந்தைய ஜூலையில் 12 வயதுக் குழந்தை. அந்த வயதில் ஒரு வருடம் என்றால் எவ்வளவு பெரிய வித்தியாசம்!

இடது_விங்கர்

உண்மை. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சிக்கூடம் எப்படியும் கிடைத்திருக்கும். நாம் பேசுவது பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்ற பிள்ளைகளைப் பற்றி.

கேள்விக்குறி

பூட்டிய கேட் என்றதும் எனக்குக் கோபம் வருகிறது. எதற்காகப் பூட்டினார்கள்? திறந்தவெளியில் தொற்று பரவுவது மூடிய அறையைவிட மிகக் குறைவு என்று சில மாதங்களிலேயே தெரிந்துவிட்டது. சரியாகக் குளோரின் கலந்த தண்ணீரில் அந்த வைரஸ் செயலிழந்துவிடும். ஆனாலும் பல இடங்களில் மைதானமும் குளமும் கடைசியாகத்தான் திறந்தன.

இங்கிலாந்தில் 2021 ஜனவரியில் பிள்ளைகளின் கிளப் விளையாட்டை நிறுத்தினார்கள். மார்ச் 29-ல்தான் வெளிமைதானக் கிளப் விளையாட்டு மீண்டும் தொடங்கியது. அந்த மூன்று மாதமும் தொலைக்காட்சியில் பிரீமியர் லீக் ஓடிக்கொண்டிருந்தது! ஆளில்லாத மைதானத்தில் பெரியவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஆடலாம், பத்து வயதுப் பிள்ளை பத்தடி தள்ளி நின்று பந்தை உதைக்கக் கூடாது. இதற்குப் பெயர் அறிவியலா?

பந்தைச் சானிட்டைசர் போட்டுத் துடைத்ததை நினைத்தால் சிரிப்பு வேறு. பரப்புகளைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று 2021 ஏப்ரலில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியே சொன்னது. அதற்குப் பிறகும் எத்தனை இடங்களில் துடைத்துக்கொண்டிருந்தார்கள்!

வெள்ளைக்கோட்டு

விளையாட்டு மருத்துவப் பக்கத்திலிருந்து வருகிறேன். கேள்விக்குறியோடு பாதி ஒத்துப்போகிறேன்.

2020 மார்ச், ஏப்ரலில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. பிள்ளைகளை எப்படித் தாக்கும், அவர்கள் வழியாகத் தாத்தா பாட்டிக்கு எப்படிப் போகும் என்று தெரியாத நிலையில் மூடியதைக் குறை சொல்ல மாட்டேன். குளத்தைப் பொறுத்தவரை சிக்கல் தண்ணீரில் இல்லை. உடை மாற்றும் அறை, மூடிய கூரை, கரையில் கூட்டமாக நிற்கும் பெற்றோர், இவைதான். ஆனால் அந்த ஆண்டின் இறுதிக்கு மேல் திறந்த மைதானங்களைப் பூட்டி வைத்ததற்கு எனக்கும் நல்ல காரணம் தெரியவில்லை. ஸ்வீடனில் 2020 வசந்தத்திலேயே சிறு பிள்ளைகளின் பயிற்சியை முடிந்தவரை வெளியில் வைத்துத் தொடரச் சொன்னார்கள். வேறு வழியும் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். ஸ்வீடனின் மற்ற முடிவுகளை இங்கே விவாதிக்க வேண்டாம், அது முடிவில்லாத சண்டை.

முகக்கவசம் இன்னொரு குழப்பம். கடுமையான உடற்பயிற்சியின்போது அணிய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூனிலேயே சொன்னது. பல இடங்களில் அணிந்துகொண்டே ஓடச் சொன்னார்கள். வியர்வையில் நனைந்த துணியோடு மூச்சு வாங்கிய பிள்ளைகள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

தொற்று வந்து போன பிள்ளைகளின் கதை தனி. இதயத் தசை அழற்சி பற்றிய பயம் நியாயமானது, ஆனால் அரிதானது. லேசாக வந்தவர்கள் அறிகுறி போன பின் படிப்படியாகத் திரும்பினால் போதும். கோவிடுக்குப் பின் எம்ஐஎஸ்-சி என்ற கடுமையான அழற்சி வந்தவர்களுக்கு 3 முதல் 6 மாதம் விளையாட்டு கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. நடைமுறையில் தலைகீழாக இருந்தது: லேசாக வந்த பிள்ளையை மாதக்கணக்கில் பூட்டி வைத்தார்கள், நன்றாகவே படுத்து எழுந்த பிள்ளையைத் தேர்வுப் போட்டி என்று அடுத்த வாரமே ஓட வைத்தார்கள்.

நெறியாளர்

அரசுகளின் முடிவு சரியா தவறா என்பதற்கு ஏற்கனவே வேறு இழைகள் இருக்கின்றன. இங்கே பிள்ளைகளின் பயிற்சி மட்டும். கேள்விக்குறியின் அடுத்த மூன்று பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன்.

முட்டி_வைத்தியர்

பிசியோதெரபிஸ்ட். இவ்வளவு பேசியும் யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். என்னிடம் வந்த பிள்ளைகளைக் கெடுத்தது ஊரடங்கு அல்ல, ஊரடங்குக்குப் பிந்திய முதல் ஆறு மாதம்.

மூடியிருந்த காலத்தில் என் வேலை குறைந்தது. நாள்பட்ட குதிகால் வலி, தோள் வலி என்று மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்த பிள்ளைகள் ஓய்வெடுத்துச் சரியானார்கள். ஏழெட்டு வயதிலேயே ஒரே விளையாட்டை வருடம் முழுக்க ஆடிய பிள்ளைகளுக்கு அது கிடைக்கவே கிடைக்காத விடுப்பு. சிலர் குதித்துத் திரிந்து, கயிறு தாண்டி, மாடிப்படி ஏறி முன்னைவிட நன்றாகவே இருந்தார்கள்.

திறந்ததும் எல்லோருக்கும் ஒரே எண்ணம்: விட்டதைப் பிடிக்க வேண்டும். காலை ஒரு வேளை இருந்த பயிற்சி இரண்டு வேளையானது. ஞாயிறு ஓய்வு போனது. தேங்கிக் கிடந்த போட்டிகளை எல்லாம் சங்கங்கள் ஒரே சீசனில் அடைத்தன. இதை வாங்கிக்கொள்ள வேண்டியது எது? அப்போதுதான் நீண்டு முடித்த, இன்னும் முற்றாத எலும்பு. வளரும் பிள்ளையின் முழங்காலுக்குக் கீழே தசைநார் வந்து ஒட்டும் இடமும், குதிகாலில் வளர்ச்சித் தட்டு இருக்கும் இடமும் இழுவைக்கு மிகவும் பலவீனமானவை. அந்த இழுவையால் வலி முழங்காலில் வந்தால் ஆஸ்குட்-ஷ்லேட்டர், குதிகாலில் வந்தால் சீவர் என்போம். சாதாரணமாகவே வருபவைதான். அந்த ஆறு மாதம் வரிசை கட்டி வந்தன. கூடவே கணைக்கால் எலும்பில் அழுத்த முறிவு (தொடர் சுமையால் வரும் விரிசல்), வேகப்பந்து வீசும் பையன்களுக்கு அதே விரிசல் கீழ் முதுகில்.

வலியோடு வந்த பிள்ளையிடம் "ஏற்கனவே ஒரு வருடம் போச்சு, இப்போ ஓய்வா?" என்று பெற்றோரே கேட்டார்கள். கோச்சும் கேட்டார். அப்படிக் கேட்டு ஆட வைத்த பிள்ளைகளில் எத்தனை பேர் இன்று ஆடுகிறார்கள் என்று யாராவது கணக்கெடுத்தால் நன்றாக இருக்கும். என் கண்ணில் படுபவர்கள் குறைவு.

வெள்ளைக்கோட்டு

//முதல் ஆறு மாதம்//

இதை அழுத்தமாக வழிமொழிகிறேன். எங்கள் பக்கம் எல்லா வழிகாட்டுதலிலும் "படிப்படியாக" என்ற சொல் இருந்தது. போட்டி அட்டவணை போட்டவர்கள் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

குட்டிக்கரணம்

நான் சின்னப் பிள்ளைகளுக்கு அடிப்படை ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லித்தருகிறேன். நீங்கள் எல்லோரும் 11, 12 வயதையே பேசுகிறீர்கள். 2020-ல் நான்கைந்து வயதில் இருந்தவர்களைப் பாருங்கள்.

ஓடுவது, தாண்டுவது, எறிவது, பிடிப்பது, ஒற்றைக்காலில் நிற்பது, விழும்போது கையை எப்படி வைப்பது, இவை யாரும் உட்கார்ந்து சொல்லித்தருபவை அல்ல. பூங்காவிலும் பள்ளி மைதானத்திலும் மற்ற பிள்ளைகளோடு முட்டி மோதித் தானாக வருபவை. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுக்காரர்களுக்குச் சராசரியாகத் தினம் 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு அசைவு வேண்டும் என்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குப் பல மாதங்கள் அது கிடைக்கவில்லை. திறந்த பிறகு என்னிடம் சேர்ந்த ஏழு வயதுக்காரர்களில் பலருக்கு முன்னால் உருளத் தெரியவில்லை என்பது இருக்கட்டும், உருளப் பயம். தலை கீழே போவதே அவர்களுக்குப் புதிது. பந்தைப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் முகத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.

பாடத்திட்டத்தையே பின்னுக்குத் தள்ளினேன். முதல் பல வாரங்கள் வெறும் ஓடிப்பிடித்தல், தவழ்தல், தொங்குதல். "இதற்கா பணம் கட்டுகிறோம்?" என்று முகம் சுளித்த பெற்றோர் உண்டு. அப்படித் தொடங்கிய பிள்ளைகள் எல்லோரும் இன்று நன்றாகச் செய்கிறார்கள் என்றெல்லாம் கதை விட மாட்டேன். சிலர் செய்கிறார்கள், சிலருக்கு அந்தப் பயம் இன்னும் இருக்கிறது.

எடையும் ஒரு காரணம். 2 முதல் 19 வயது வரையானவர்களின் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) ஏறும் வேகம் பெருந்தொற்றின்போது ஏறக்குறைய இரண்டு மடங்கானது என்று சிடிசி 2021 செப்டம்பரில் வெளியிட்டது. அது அமெரிக்கக் கணக்கு. ஆனால் பார்-கம்பியில் தன் எடையைத் தானே தூக்க முடியாத பிள்ளையை எங்கும் பார்க்கலாம்.

64_கட்டம்

எங்கள் சதுரங்கம் மட்டும்தான் லாபம் பார்த்தது என்று சொன்னால் அடிக்க வருவீர்களா? 2020-ல் உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே முதன்முறையாக ஆன்லைன் ஒலிம்பியாட் நடத்தியது. ஒவ்வோர் அணியிலும் 20 வயதுக்குட்பட்ட ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஆட வேண்டும் என்று விதி. பயணச் செலவில்லாமல் பிள்ளைகள் உலகத்தோடு ஆடினார்கள்.

சமநிலை

64 கட்டம், அடிக்க வரவில்லை. ஜூடோவுக்கு ஆன்லைனில் என்ன செய்வது என்று மட்டும் சொல்லுங்கள். எதிராளியின் சட்டையைப் பிடிப்பதுதான் முதல் பாடம். ஒருவரையொருவர் தொட்டு ஆடும் விளையாட்டுகள் பெரும்பாலான இடங்களில் கடைசியாகத்தான் திறந்தன. அதுவரை பிள்ளைகள் பெல்ட்டைக் கதவுக் கைப்பிடியில் கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். இழுத்தால் கதவு திருப்பி இழுக்காதே!

கோல்போஸ்ட்

நான் இங்கே பொதுவாக வாசிக்க மட்டும்தான் வருவேன். நீங்கள் எல்லோரும் அப்பா, கோச், டாக்டர். நான் அப்போது அந்தப் பிள்ளையாக இருந்தவள். 13 வயது, ஹேண்ட்பால் கோல்கீப்பர்.

ஆன்லைன் பயிற்சி என்று ஒன்று இருந்தது. முதல் வாரம் எல்லோரும் கேமராவைப் போட்டிருந்தோம். அப்புறம் ஒவ்வொரு கட்டமாகக் கருப்பானது. கோச் "ஸ்குவாட் இருபது" என்பார், நான் படுக்கையில் படுத்துக்கொண்டு "முடிச்சாச்சு கோச்" என்று டைப் செய்வேன். அவருக்கும் தெரியும். கோல்கீப்பருக்குப் பந்து வராமல் என்ன பயிற்சி? வீட்டில் பந்து எறிந்தால் கீழ்த்தளத்துக்காரர் வந்து கதவைத் தட்டுவார்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் அணியில் 14 பேர் இருந்தோம். திறந்த பிறகு 6 பேர்தான் வந்தார்கள். ஹேண்ட்பாலுக்கு ஆடவே 7 பேர் வேண்டும். வராதவர்கள் யாருக்கும் காயம் இல்லை, ஆட்டமும் மறக்கவில்லை. 12, 13 வயதில் எங்கள் எல்லோருக்கும் உடம்பு மாறியது. பயிற்சியில் இருந்திருந்தால் ஒருவர் மாற்றத்தை ஒருவர் பார்த்து, கிண்டலடித்து, உடை மாற்றும் அறையில் பேசிப் பழகிக் கடந்திருப்போம். வீட்டுக்குள் தனித்தனியாக மாறினோம். திரும்ப அந்த ஷார்ட்ஸைப் போட்டுக்கொண்டு நிற்க வெட்கமாக இருந்தது. வீட்டிலும் "பெரிய பெண் ஆயிட்டே, இனி எதுக்கு?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். முன்பு அப்படிக் கேட்டிருந்தால் "நாளைக்கு மேட்ச் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். ஒரு வருடமாக மேட்சே இல்லாதபோது அந்தப் பதிலும் இல்லை.

பக்கத்துப் பையன்கள் அணியில் ஏறக்குறைய எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

நான் திரும்பி வந்ததற்குக் காரணம் என் தோழி. அவள் வராவிட்டால் நானும் போயிருக்க மாட்டேன். எங்களை வேறோர் அணியோடு சேர்த்துவிட்டார்கள். அங்கே நான் இரண்டாவது கீப்பர். பெரும்பாலும் பெஞ்சில்தான் இருப்பேன். ஆனாலும் போவேன்.

குளத்தங்கரை அங்கிள், உங்கள் மகளோடு அப்போது நீந்தியவர்களில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? அதை யாரும் கேட்கவில்லை.

குளத்தங்கரை_அப்பா

கோல்போஸ்ட், நன்றி. மகளிடம் கேட்டேன். அவளுடைய லேனில் இருந்தவர்களில் அவளும் இன்னொரு பெண்ணும்தான் மிச்சம். அந்தப் பெண்ணும் ஃப்ரீஸ்டைலுக்கு மாறிவிட்டாள். பட்டர்ஃப்ளையில் இவள் தனியாகத்தான் நீந்துகிறாள், பக்கத்து லேனில் இருப்பவர்கள் எல்லோரும் சின்னவர்கள். "ஜெயிச்சா, சின்னப் பசங்களைத் தானே ஜெயிச்சேங்கறாங்க. தோத்தா, சின்னப் பசங்ககிட்ட தோத்துட்டேங்கறாங்க" என்றாள். இதை என்னிடம் இப்போதுதான் சொல்கிறாள்.

முட்டி வைத்தியர் சொன்ன இரண்டு வேளைப் பயிற்சி இவளுக்கும் நடந்தது. தோள் வலி வந்து போனது.

விசில் சார், நீங்கள் சொன்ன வளர்ச்சிக் கணக்கு பொருந்துகிறது. பள்ளி உடல்நல அட்டையை எடுத்துப் பார்த்தேன். மூடியிருந்த காலத்தில்தான் நன்றாக உயர்ந்திருக்கிறாள். சரி, இப்போது என்ன செய்வது? 16 வயதில் ஸ்ட்ரோக்கைத் திருத்த முடியுமா?

தடகள_விசில்

திருத்தலாம், ஆனால் டைமிங் பார்த்துக்கொண்டே திருத்த முடியாது. ஒரு சீசன் ஸ்டாப்வாட்சைத் தூர வைக்க அவளும் கோச்சும் சம்மதிக்க வேண்டும். முதல் சில மாதங்கள் இன்னும் மெதுவாவாள். அதைத் தாங்க அவளைவிட உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும். நான் தடகளக்காரன், தண்ணீருக்குள் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்ல வேறு ஆள் வேண்டும். இங்கே பழைய நீச்சல் கோச் ஒருவர் உண்டு, இந்த இழையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கோல்போஸ்ட் சொன்னதையும் விட்டுவிடாதீர்கள். அவள் வயதில் இரண்டு பேர் நீந்தும் வேறு குழு அருகில் இருந்தால், வாரம் ஒருநாளாவது அங்கே அனுப்பக் கேட்டுப்பாருங்கள்.

நான்காம்_லேன்

விசில் அழைத்ததால் வந்தேன். நீளமான கைக்குப் பழைய கணக்கில் நீந்தினால் பட்டர்ஃப்ளையில் ஒவ்வொரு கைவீச்சிலும் வரும் இரண்டாவது உதையின் நேரம் தவறலாம், தோளுக்கு வேலை கூடும். தோள் வலி வந்தது என்கிறீர்களே, அதனால் சந்தேகப்படுகிறேன். பார்க்காமல் சொல்வது சரியில்லை. 50 மீட்டர், நிதானமான வேகத்தில், பக்கவாட்டிலிருந்து ஒரு வீடியோ எடுங்கள். அவள் களைத்த பிறகு அதே 50 மீட்டர் இன்னொன்று.

குளத்தங்கரை_அப்பா

சனிக்கிழமை எடுக்கிறேன். தண்ணீருக்கு அடியிலிருந்தும் வேண்டுமா?

நான்காம்_லேன்

முடிந்தால் வேண்டும். ஆனால் பொதுவில் போடாதீர்கள், தனிமடலில் அனுப்புங்கள். அவளிடம் கேட்டுவிட்டு.